வயிற்றுவலி என்று எழுதிக்கொள்ளுங்கள்

1

1993ஆம் வருஷம், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். இரவு ஒன்பதரைக்கு மேல். காரியாபட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பட்டாசு ஆலைக்கு ஆள் கொண்டுபோகிற வேன். காலையில் அவளை வேலைக்கு ஏற்றிப்போன அதே வேன். இருபத்து மூன்று வயசு, கல்யாணமாகி நாலாவது வருஷம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டார்கள். அறிவொளி இயக்கம் என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஆபீசர்களிடம் பேசத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது.

“மருந்தக் குடிச்சிட்டாய்யா, சீக்கிரம் மருந்து குடுங்கய்யா” என்று அவளுடைய அம்மா கேஷுவாலிட்டி வாசலில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அது ஓர் அரசு ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே பிரச்சினை இல்லை. அந்த ராத்திரி எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். உள்ளே டாக்டர் குழாயைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார்: “என்ன கேசு?”

தற்கொலை முயற்சி குற்றம், 309ஆவது பிரிவு, ஒரு வருஷம் வரை உள்ளே போடலாம் என்பது எனக்குத் தெரியும். அவள் மாமனாரைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னேன்: “போலீஸ் கேசாயிரும். வயித்துவலிக்கு மருந்துன்னு நெனச்சு பாட்டில மாத்திக் குடிச்சிட்டான்னு சொல்லிருங்க.” அவர் அப்படியே சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். டாக்டரும் அதையே நம்பினார், அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டார். பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அந்த மூன்று நாளில் அவளிடம் யாரும் “ஏன் தாயி?” என்று கேட்கவில்லை. வயிற்றுவலிக்காரியிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

டிஸ்சார்ஜ் ஆகிப் பதினோராவது வாரம் அவள் செத்துப்போனாள். தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் ஒரே குரலில் சொன்னது: தீராத வயிற்றுவலி. அந்தச் சொல்லைக் கொடுத்தது நான்.

இந்தக் கட்டுரை மனநலத்தைப் பற்றிய அறிவுரை அல்ல. ஒரு மனுஷி சாவின் விளிம்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும்போது அவளைச் சுற்றி என்னென்ன கேள்விகள் கேட்கப்படுகின்றன, எவை கேட்கப்படுவதில்லை, மருத்துவம் ‘ஆபத்துக் காரணிகள்’ என்று பட்டியலிடுபவற்றை வைத்து நாம் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதைத்தான் பேசப் பார்க்கிறேன். கிராமங்களில் வேலை செய்யும் தோழர்கள் டாக்டர்களுக்கு முன்பாகவே இந்த இடத்தில் போய் நிற்க நேர்கிறது. நான் நின்றேன். தப்பாக நின்றேன்.

2

பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் வருகிற ‘ஃபார்மகான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மருந்து, நஞ்சு இரண்டுமே அர்த்தம் என்பதைப் பிடித்துக்கொண்டு தெரிதா ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நமது சிறுபத்திரிகைகளில் அது நிறையவே பேசப்பட்டுவிட்டது. எங்கள் பக்கம் அதற்குத் தெரிதாவைப் படிக்க வேண்டியதில்லை. பருத்திக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. அந்தத் தாய் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொன்னாள். நான் கொடுத்த ‘வயிற்றுவலி’ என்ற சொல்லும் அப்படிப்பட்டதுதான். போலீசிடமிருந்து காப்பாற்றிய அதே சொல், அவளை யாரும் கேட்க முடியாதபடி மூடியும் வைத்தது.

இது என் ஒருவனுடைய கெட்டிக்காரத்தனம் அல்ல. தினசரிகளில் ‘தீராத வயிற்றுவலியால்’ என்று தொடங்கும் செய்திகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! குடும்ப மானம், வழக்குப் பயம், ஏட்டய்யாவின் வேலைப்பளு, பெண்ணைக் கொடுத்தவர்கள் எடுத்தவர்களுக்கிடையே சமரசம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய சொல்லாடல் அது. எமில் துர்க்கைம் 1897இல் ‘தற்கொலை’ நூலை எழுதியபோது அரசுப் பதிவேடுகளின் எண்களை வைத்துத்தான் தன் சமூகவியலைக் கட்டினார். 1967இல் ஜாக் டக்ளஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்த அடித்தளத்தையே கேள்வி கேட்டார். எது தற்கொலை, எது விபத்து, காரணம் என்ன என்பது பதிவேட்டுக்குள் போவதற்கு முன்பே குடும்பமும் அதிகாரிகளும் பேசித் தீர்மானித்துவிடுகிற ஒன்று. எண்ணிக்கை என்பது அந்தப் பேரத்தின் விளைவு என்றார். ஆர்.டி.ஓ. விசாரணைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

தேசியக் குற்றப் பதிவுக் கூடத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையில் இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு, 19,834 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் தினக்கூலிகள். காரணங்கள் என்ற கட்டத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ 31.7 சதவீதம், ‘நோய்’ 18.4 சதவீதம். அந்த நோய் என்ற கட்டத்துக்குள் எத்தனை வயிற்றுவலிகள் இருக்கின்றன என்று எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவள் செத்து மூன்று மாதம் கழித்து, 1994 ஏப்ரலில், ரத்தினம் வழக்கில் உச்சநீதிமன்றம் 309ஆவது பிரிவு செல்லாது என்றது. 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் முதல் அமலில் உள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக்கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது அதன் 115ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர மனநலச் சிகிச்சை கொடுக்கலாம் என்கிறது 94ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை.

ஆக, நான் அன்றைக்குச் சொன்ன பொய்க்கு இன்றைக்குத் தேவை இல்லை. ஆனாலும் பொய் நிற்கவில்லை. மருந்து குடித்து வருகிறவர்களை விபத்துப் பதிவேட்டில் ஏற்றிப் போலீசுக்குத் தகவல் அனுப்பும் வழக்கம் தொடர்கிறது. வாசலில் முதல் கேள்வி “என்ன கேசு?” என்பதாகவே இருக்கும்வரை பதிலும் வயிற்றுவலியாகவே இருக்கும்.

3

இனி மருத்துவத்தின் கேள்விக்கு வருவோம். இவரை இன்றைக்கு வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? அவசர மனநலப் பிரிவில் இருக்கிற டாக்டருக்கு இதைவிடக் கஷ்டமான கேள்வி இல்லை. இதற்காகத்தான் பட்டியல்கள் செய்தார்கள். 1983இல் அமெரிக்காவில் வெளியான ‘சாட் பெர்சன்ஸ்’ என்கிற அளவுகோல் ரொம்பப் பிரபலம். துயருற்ற மனிதர்கள் என்று அர்த்தம் வருகிற ஆங்கில எழுத்துக்கள் பத்து, எழுத்துக்கு ஒரு காரணி, காரணிக்கு ஒரு மார்க். ஆணாக இருந்தால் ஒன்று. பத்தொன்பதுக்குக் கீழே அல்லது நாற்பத்தைந்துக்கு மேலே என்றால் ஒன்று. மனச்சோர்வு, முன்பு முயற்சி செய்திருப்பது, குடிப்பழக்கம், அறிவு நிதானம் இழந்த நிலை, ஆதரவுக்கு ஆளில்லாதது, திட்டம் போட்டிருப்பது, வாழ்க்கைத் துணை இல்லாதது, நாள்பட்ட நோய் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. இரண்டு மார்க் வரை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கலாம். ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் படுக்கையில் சேர்க்க வேண்டும்.

பல வருஷம் கழித்து, தொண்டர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் ஒரு மனநல மருத்துவர் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டபோது நான் நோட்டில் அந்தப் பெண்ணுக்கு மார்க் போட்டுப் பார்த்தேன். ஆண்? இல்லை, பூஜ்யம். வயசு இருபத்து மூன்று, பூஜ்யம். மனச்சோர்வு? யாரும் கேட்கவில்லை, பூஜ்யம். முந்தைய முயற்சி? இதையே முயற்சி இல்லை என்று நான்தான் எழுத வைத்தேனே, பூஜ்யம். குடி? குடிப்பது அவள் புருஷன், அவள் அல்ல, பூஜ்யம். நிதானமாகப் பேசினாள், பூஜ்யம். ஆதரவு? ஒரு வேன் நிறைய ஆள் வந்திருந்தது, பூஜ்யம். திட்டம்? கேட்கவில்லை, பூஜ்யம். துணை? கழுத்தில் தாலி இருக்கிறது, பூஜ்யம். நோய்? வயிற்றுவலி. ஒரு மார்க்.

பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் கொடுத்த பொய்.

மேலைநாட்டுக் கருவி, எனவே தூக்கி எறி என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்தும் எங்கோ நிஜமான சாவுகளிலிருந்து எடுக்கப்பட்டவைதான். பிரச்சினை, அவை எந்தச் சமூகத்தின் சாவுகள் என்பது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் பல வருஷமாக ஒவ்வொரு சாவையும் வீடு தேடிப்போய் விசாரித்துப் பதிந்துவந்தது. அதை வைத்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பத்து முதல் பத்தொன்பது வயசுக்குள் இருக்கும் பெண்பிள்ளைகளில் வருஷத்துக்கு லட்சத்துக்கு 148 பேர், ஆண்பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையில் சாகிறார்கள் என்று கண்டார்கள். ஆணுக்கு ஒரு மார்க் போடுகிற தாள் கணியம்பாடியில் தலைகீழாகிவிடுகிறது. தாலியும் அப்படித்தான். வாழ்க்கைத் துணை இருப்பது பாதுகாப்பு என்பது அந்தத் தாளின் நம்பிக்கை. குடிக்கிற, அடிக்கிற துணை எந்தக் கட்டத்தில் வரும்? அடுத்தவர் குடி இவளுடைய ஆபத்துக் காரணி என்பதை எழுத அதில் இடமே இல்லை.

இன்னொன்று. தற்கொலையில் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மனநோய் இருந்தது என்று மேற்கத்திய நூல்கள் சொல்லிவந்தன. அதே கணியம்பாடியில் தொடர்ச்சியாக நூறு தற்கொலைகளை எடுத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவில் மனநோய் என்று சொல்லத்தக்கது 37 பேருக்குத்தான் இருந்தது. அதிலும் அதிகம் மதுவுக்கு அடிமையானதும், நெருக்கடியைத் தாங்க முடியாமல் வருகிற குலைவும். நீண்டநாள் தொடரும் மன அழுத்தம், தீராத உடம்பு வலி, தனியாக வாழ்வது, சமீபத்தில் ஓர் உறவு முறிந்தது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. கவனியுங்கள், தீராத வலி அங்கே நிஜமாகவே இருக்கிறது. வயிற்றுவலி எப்போதும் பொய் என்று நினைத்தால் அது அடுத்த தப்பு. வலி என்று சொன்னால் வலியையும் கேட்க வேண்டும், வலிக்குப் பின்னால் இருப்பதையும் கேட்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் மனநோயும், குடும்பத்தில் மனநோய் இருந்ததும், சமீபத்திய வாழ்க்கை நெருக்கடிகளும் முக்கியக் காரணிகளாக வந்தன. எனவே ‘எல்லாம் சமூகப் பிரச்சினைதான், மாத்திரை எதற்கு’ என்று நம் தோழர்கள் சிலர் பேசுவது ஆபத்தான பேச்சு. கடனும் உண்டு, சாதியும் உண்டு, மனச்சோர்வு நோயும் உண்டு. ஒரே ஆளிடம் மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். 2018 அக்டோபர் உச்சநீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது வேலையிழந்த எல்லோரும் சாவை நினைக்கவில்லை. நினைத்தவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தது எது என்று கேட்காமல் ஆலையை மட்டும் பேசி முடித்துவிட முடியாது.

4

சரி, நமக்கேற்ற நல்ல தாள் ஒன்றைத் தயாரித்துவிட்டால்? மார்க்கைத் திருத்திவிட்டால்? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

அலெக்ஸ் பொகோர்னி என்பவர் அமெரிக்காவில் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்த 4,800 மனநோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 1983இல் முடிவை எழுதினார். 67 பேர் தற்கொலையில் இறந்தார்கள். எல்லாக் காரணிகளையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டும் அந்த 67 பேரை முன்கூட்டிப் பிரித்தெடுக்க முடியவில்லை. கணக்கு ‘ஆபத்து’ என்று காட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சாகவில்லை. செத்தவர்களில் பலர் கணக்கில் சிக்கவில்லை. 2017இல் ஐம்பது வருஷத்து 365 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், தனித்தனிக் காரணிகளை வைத்துச் சொல்கிற ஆரூடம் காசு சுண்டிப் போடுவதைவிட ஏதோ கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். இன்னார் மறுபடி முயல்வார், முயலமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்குச் சிகிச்சை யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கவும் பயன்படுத்தாதீர்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டுதலாகவே எழுதிவிட்டது.

அப்படியென்றால் காரணிகள் வீணா? இல்லை. அவை ஜோசியம் சொல்ல உதவாது. பேச்சைத் தொடங்க உதவும். ‘முன்பு முயற்சி செய்ததுண்டா’ என்ற கேள்விக்கு வரும் பதிலை மார்க்காக மாற்றினால் அது செத்த எண். அதையே கதையாகக் கேட்டால் அன்றைக்கு என்ன நடந்தது, யார் காப்பாற்றினார்கள், பிழைத்தது பிடித்திருந்ததா, அதற்குப் பிறகு என்ன மாறியது, மாறவில்லை என்பதெல்லாம் வரும். முன்பு முயன்றிருப்பதுதான் மிகப் பெரிய தனி ஆபத்துக் காரணி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பயன் இங்கேதான்.

டாக்டர்கள் காரணிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மாற்ற முடியாதவை: வயசு, பால், குடும்பத்தில் முன்பு நடந்த சாவு, பழைய முயற்சி. மாறக்கூடியவை: தூக்கமின்மை, பதற்றம், போதை, ‘செத்துப்போ’ என்று காதில் கேட்கும் குரல், வலி, கையெட்டும் தூரத்தில் மருந்து பாட்டில், காலையில் கதவைத் தட்டப்போகும் குழுக்கடன்காரன், இனி ஒன்றும் சரியாகாது என்கிற முழு நம்பிக்கையின்மை. அந்த ராத்திரிக்கு இரண்டாவது பட்டியல்தான் முக்கியம். ஏனென்றால் அதில்தான் நாம் ஏதாவது செய்ய முடியும்.

5

எப்படிக் கேட்பது? முகாமில் கற்றதையும் பிறகு இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நின்று கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. உயிர் தப்பும்வரை, போதை தெளியும்வரை கேள்வி எதுவும் செல்லாது. போதையில் ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னவரைத் தெளிந்தபிறகு மறுபடி கேட்கவேண்டும். இரண்டாவது, தனியாக. புருஷனும் மாமியாரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நிற்கும்போது கிடைக்கும் பதில் அவர்களுடைய பதில்தான். நர்சம்மாவிடம் சொல்லி அவர்களைக் காப்பி குடிக்க அனுப்பிவைப்பது, என் அனுபவத்தில், எந்த அளவுகோலையும்விடப் பெரிய சிகிச்சை.

மூன்றாவது, நேராகக் கேட்பது. சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்கிற பயம் எல்லோருக்கும் உண்டு. அது தப்பு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. கேட்டால் பாரம் இறங்குகிறது. படிப்படியாக இறங்கலாம்: “வாழ்க்கை வெறுத்துப்போச்சா தாயி? தூங்குனா முழிக்காமலே போயிரணும்னு தோணுமா? சாகணும்னே நெனச்சீங்களா? எப்படின்னு யோசிச்சு வச்சிருந்தீங்களா? அது இப்பவும் வீட்டுல இருக்கா? இதுவரைக்கும் எது உங்களத் தடுத்துச்சு?” கடைசியாக ஒன்று: “இப்பப் பொழச்சது எப்படி இருக்கு?” இந்தக் கடைசிக் கேள்விக்கு “ஏன் காப்பாத்துனீங்க?” என்று பதில் வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அழுதுகொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி, “இனிமே ஒண்ணும் பிரச்சினையில்ல” என்று சொன்னாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது முடிவு எடுத்துவிட்ட அமைதியாகவும் இருக்கலாம்.

நான்காவது, குடித்ததன் அளவை வைத்து மனசின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். “சும்மா மெரட்டுறதுக்குத்தான் கொஞ்சம் குடிச்சா” என்று வீட்டார் சொல்வார்கள், சில நேரம் ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். எது கொல்லும் எது கொல்லாது என்பது குடித்தவருக்குத் தெரியாது. செத்துவிடுவோம் என்று நம்பிக் குடித்தாரா என்பதே கேள்வி.

‘மிரட்டல்’ என்ற சொல்லை இங்கேயே நிறுத்திப் பார்க்கவேண்டும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்காக ஒரு குடும்பம் செத்தது. அதற்கு முன்பு பலமுறை மனுக் கொடுத்தவர்கள் அவர்கள். சொல்லாமல் செத்தவர்கள் அல்ல. சொல்லிச் சொல்லிப் பார்த்துச் செத்தவர்கள். 309ஐ எடுத்துவிட்ட புதிய சட்டம் 226ஆவது பிரிவில் ஒன்றை மட்டும் குற்றமாக வைத்திருக்கிறது: அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் அல்லது தடுக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது. வீட்டுக்குள் முயன்றால் நோயாளி, ஆட்சியர் வாசலில் முயன்றால் குற்றவாளி. துயரத்தை மருத்துவமாக்கி ஏற்றுக்கொள்கிற அரசு, அதே துயரம் தன்னைப் பார்த்துப் பேசினால் மட்டும் மிரட்டல் என்கிறது. வீட்டில் மாமியார் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஐந்தாவது, பிள்ளைகள். ‘பிள்ளை குட்டி இருக்கு, ஒண்ணும் செஞ்சுக்கிற மாட்டா’ என்று நாம் நம்புகிறோம். பட்டியல்களும் பிள்ளைகளைப் பாதுகாப்புக் காரணி என்றே எழுதுகின்றன. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரம் இருக்கிறது. நல்லதங்காள் கோயில் இருக்கிற ஊர். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு வந்து, அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணியால் அவமானப்பட்டு, பிள்ளைகளோடு தானும் போனவள். நம் ஜனங்கள் அவளைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும். நாம் அவளை ஒரு கேஸ் தாளாகவும் படிக்கலாம். பசி, சொந்தவீட்டு அவமானம், போக்கிடம் இல்லாமை, ‘நான் போனால் இதுகளை யார் பார்ப்பா’ என்ற கேள்வி. அந்தக் கேள்வி சிலரைத் தடுத்து நிறுத்துகிறது. நம்பிக்கை முழுசாக அற்றவரை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. எனவே சாவை நினைக்கும் தாயிடம், குற்றம்சாட்டாத குரலில், பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்தாள் என்றும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பிரசவமாகிச் சில மாதங்களுக்குள் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். அர்ச்சுனாபுரத்துக்கு அண்ணன் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று பாட்டுக் கேட்கிற ஒவ்வொருவரும் நினைப்பதுண்டு. அந்த நினைப்பில் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. சாவின் எண்ணம் பெரும்பாலும் நிரந்தரமானது அல்ல; உச்சத்துக்குப் போய் இறங்குகிற ஒன்று. அந்த உச்சத்தைத் தாண்டவைக்க ஆள் வேண்டும்.

6

உச்சத்தைத் தாண்டவைப்பதற்கு நிரூபிக்கப்பட்ட வழிகள் இரண்டு உண்டு. இரண்டுமே எளிமையானவை.

ஒன்று, கையெட்டும் தூரத்தில் இருப்பதை அப்புறப்படுத்துவது. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. யுத்தம் நடந்துகொண்டிருந்த, வறுமை இருந்த நாட்டில் இது நடந்தது. இங்கே காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமத்துக்குப் பொதுவாக ஒரு மருந்து வைப்பிடம் கட்டி, வீட்டுக்கு வீடு பூட்டும் பெட்டி கொடுத்து, வீட்டுக்குள் மருந்து இல்லாமல் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எனவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கூடவந்த ஆளிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: “வீட்டுல மருந்து எங்க இருக்கு? இவுக வர்றதுக்கு முன்னாடி யாரு போயி எடுக்கிறது?”

இரண்டு, திரும்பிப் போய்ப் பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு செய்தது. 2008இல் முடிவு வந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் ஒன்பது தடவை போனில் அல்லது நேரில் போய் ‘எப்படி இருக்கீங்க’ என்ற விசாரிப்பு. அவ்வளவுதான். பதினெட்டு மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். அங்கே யாருக்கும் மார்க் போட்டு நீ ஆபத்து, நீ ஆபத்தில்லை என்று பிரிக்கவில்லை. வந்த எல்லோரையும் போய்ப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போன முதல் மூன்று மாதம்தான் மிக ஆபத்தான காலம். அந்த ஒன்பது சந்திப்புகளையும் அதற்கேற்றபடியே வைத்திருந்தார்கள்: 1, 2, 4, 7, 11ஆவது வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆவது மாதங்கள். இந்த எண்களை முதல்முறை பார்த்தபோது நான் விரல்விட்டு எண்ணினேன். 1, 2, 4, 7 என நாலு தடவை யாராவது அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கலாம். ஐந்தாவது தடவை, அதே பதினோராவது வாரம். காரியாபட்டியிலிருந்து டவுன்பஸ் இருந்தது. எனக்கு வேலையும் பெரிதாக இருக்கவில்லை. போலீசிடமிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியில் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். அப்படி யாரும் யாரைப் பற்றியும் சொல்ல முடியாது என்றுதான் இவ்வளவு நேரமும் எழுதியிருக்கிறேன். போயிருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அதே கால்கள் அதே தெருவில் இன்னும் ஒரு வாசலில் நின்று ஒன்பது தடவை விசாரிப்பது அரசுக்கு முடியாத காரியம் அல்ல. அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை. அது வரும்வரை நாமே போவதும் நம் வேலை. மனு எழுதத் தெரிந்த, ஆபீசர்களிடம் பேசத் தெரிந்த தோழர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். கேஷுவாலிட்டி வாசலில் நாம்தான் நிற்கப்போகிறோம். “என்ன கேசு?” என்று கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். சட்டம் இப்போது அவள் பக்கம்தான் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் காட்டும்வரை டிஸ்சார்ஜுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இரவில் யாரும் கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, காசில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். படிக்கிற உங்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தாலும் அதே எண்தான்.

நான் இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பேர் எழுதுவதில்லை, ஊர் மட்டும். ஊருக்கு நேரே ஒன்பது கட்டம். போன வாரம் ஒரு வீட்டுக்கு நாலாவது தடவையாகப் போனேன். அந்தம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “வாங்கண்ணே, இன்னைக்கும் அதையேதான் கேக்கப் போறீகளா?” என்றார். ஆமாம்மா என்றேன். “கேளுங்க” என்று சொல்லி உட்கார்ந்தார்.